அம்மாவின் ஏற்பி

மார்ச் 3

மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மாடிவீட்டுத் தையல்காரம்மா. என் திட்டை நயமாக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

நேற்று உன் அண்ணன் வந்தான். பேச்சுவாக்கில் கொட்டிவிட்டான். உன் அம்மா சாகுமுன் அவளுக்கு எடுத்த புற்றுக்கட்டியை வைத்து உன் ஆய்வுக்கூடத்தில் ஏதோ புரதம் செய்கிறீர்களாம். அதை ஒரே ஒரு மருந்துக் கம்பெனிக்கு மட்டும் கொடுக்கப் போகிறீர்களாம். குடும்பத்தின் சம்மதம் என்று அவன் கையெழுத்துப் போட்டானாம். "உங்களுக்குப் படிக்கத் தெரியாதேப்பா, அதான் நானே போட்டுட்டேன்" என்கிறான். படிக்கத் தெரியாதவனுக்குப் பெண்டாட்டிமேல் உரிமையும் இல்லையா? அந்த வேலையை நிறுத்து.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபம் தீரவில்லை.

அப்பா

மார்ச் 10

அன்புள்ள அப்பா,

அம்மாவின் சதை எங்களிடம் இல்லை. செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்ற புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். மருந்து அதைப் பிடித்தால்தான் வேலை செய்யும். அம்மாவுடையது ஓரிடத்தில் மாறியிருந்தது. மருந்து ஒட்டவே இல்லை; அதனால்தான் அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மரபணுவைப் படியெடுத்து, வெள்ளெலிச் செல்களுக்குள் செலுத்தினோம். இப்போது அவை அதே ஏற்பியைச் செய்து தருகின்றன. சுத்தம் செய்து, உறையவைத்து, குப்பியில் அனுப்புவோம். அதில் ஒட்டுகிற புது மருந்தைத் தேடுவார்கள். முதல்முறை அந்தப் புரதம் சரியான வடிவத்தில் மடிந்து வந்த அன்று அழுதுவிட்டேன்.

கேட்காதது தப்புதான். வேண்டாம் என்பீர்களோ என்று பயந்தேன்.

மகள்

மார்ச் 16

மகளுக்கு,

எலிக்குள் உன் அம்மாவா? எலியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறுகிறவள் அவள். தையல்காரம்மா சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை.

வேண்டாம் என்பேன் என்று நீயே எப்படி முடிவு கட்டினாய்? கட்டியை எடுத்த மறுநாள் ஆஸ்பத்திரியில் நீ ரத்தம் வாங்கக் கீழே போயிருந்தாய். மழை. ஜன்னல் கதவு கொக்கி போடாமல் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கேட்டார்: "இதை ஆராய்ச்சிக்கு வச்சுக்கட்டுமாம்மா?" உன் அம்மா சொன்னாள்: "வச்சுக்குங்க. ஆனா பூட்டி வைக்காதீங்க. யார் கேட்டாலும் குடுங்க." எச்சில் விழுங்கிவிட்டு இன்னொரு தடவையும் சொன்னாள்: "யார் கேட்டாலும்."

அண்ணன் போட்ட காகிதத்தில் இது இருக்கிறதா?

அப்பா

மார்ச் 24

அன்புள்ள அப்பா,

இல்லை.

ஆய்வுக்கூட முதலாளியிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன். "எழுத்துல இருக்கா?" என்றார். "எங்கப்பாவுக்கு ஞாபகம் இருக்கு" என்றேன். "எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஞாபகத்துக்காக ஒப்பந்தத்தை மாத்துவாங்களாம்மா?" என்று சிரித்தார்.

அதோடு விடவில்லை. அண்ணன் காகிதத்தின் கீழே உங்கள் கைநாட்டையும் வாங்கி வர வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலை இல்லையாம். குப்பிகள் வெளியே போக என் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை. உங்கள் கைநாட்டையும் கேட்க மாட்டேன். தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

மகள்

மார்ச் 28

என் மகளுக்கு,

கைநாட்டு கிடையாது.

வேண்டுமென்றால் உன் முதலாளி இங்கே வரட்டும். எனக்கு எதிரே நாற்காலி போடுகிறேன். உன் அம்மா சொன்னதை முழுதாகக் கேட்கட்டும். "யார் கேட்டாலும் குடுக்கிறேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லி, அதையும் எழுதிக் கொண்டு வரட்டும். அப்புறம் பெருவிரல் என்ன, பத்து விரலையும் வைக்கிறேன்.

அதுவரை ஒரு குப்பியும் நகரக்கூடாது. வேலை போனால் போகட்டும், நேரே வீட்டுக்கு வா. முன்னறையைக் கூட்டித் துடைத்தாயிற்று.

அண்ணனையும் வரச் சொல். கதவைத் தட்டி, "வரலாமாப்பா?" என்று கேட்கட்டும். நான் பதில் சொன்ன பிறகு உள்ளே வரட்டும்.

அப்பா