பெரியப்பா போப்பாண்டவர் ஆகாத படம்

அன்பு மகளே,

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன், இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நிற்பார், அதனால்தான் இந்தக் கடிதம்.

புதுப் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு திகில் படத்தை இங்கே பழைய குருமடத்தில் எடுத்தார்களே, ஓட்டுப் போடும் கர்தினால்களின் சிவப்பு அங்கி எல்லாம் என் கடையில்தான் தைத்தது. கூட்டத்தில் உட்கார வயதானவர்கள் வேண்டும் என்றதும் உன் அப்பா தானும் சேர்ந்து தன் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனார். டைரக்டருக்கு உன் பெரியப்பா முகம் பிடித்துப்போயிற்று, நிஜச் சாமியார் ஆயிற்றே. "ஃபாதர், கதையில கடைசியா நீங்கதான் போப் ஆகுறீங்க" என்று சொல்லி வெள்ளை அங்கிக்கும் அவர் அளவையே எடுக்கச் சொன்னார். நான் டேப்பைப் பிடித்தபோது மனுஷர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அவரைப் பிஷப் ஆக்கப்போவதாக இரண்டு தடவை பேச்சு வந்து, இரண்டு தடவையும் வேறு ஆளுக்குப் போனது உனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவர், குருக்கள் ஓய்வு இல்லத்துத் தோட்டத்தில், போப்பாகத் தேர்வானவர் சொல்லும் "ஏற்றுக்கொள்கிறேன்" என்ற ஒரே வசனத்தை மெதுவாகவும் சத்தமாகவும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கூட இருக்கும் சாமியார்களையெல்லாம் வேடிக்கை பார்க்க அழைத்தார்.

ஓட்டுச்சீட்டு வாசிக்கிற காட்சி. முதலில் அவர் பெயராகவே வந்தது, அப்புறம் பக்கத்து நாற்காலி நடிகரின் பெயருக்கு மாறி அதிலேயே முடிந்துவிட்டது. வாசித்தவர்தான் தவறிவிட்டார் என்று நினைத்து, பாவம், உன் பெரியப்பா எழுந்து நின்று "ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். கேமரா அவர் மூக்குக்கு நேரே இருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு கூடமே சிரித்தது, அவர் அழைத்து வந்த சாமியார்களும்தான். அவர் முகம் கோணிப்போய் அழுதுவிட்டார். டைரக்டர் கைதட்டி, "இந்த முகத்துக்காகத்தான் ஃபாதர் உங்ககிட்ட மறைச்சோம்" என்றார். அதோடு விட்டாரா, படம் கொஞ்சம் மங்கிவிட்டது, இன்னொரு தடவை எடுக்கலாம் என்று அவர் காதில் ஏதோ சொன்னார். வாயில் வைத்திருந்த குண்டூசியைத் துப்பிவிட்டு ஓடிப்போய் வாங்க போகலாம் என்று கையைப் பிடித்தேன். அவர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார், அதே இடத்தில் திரும்ப அழுதார்.

அங்கியைக் கழற்றும்போது எதற்காகச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டேன். "செய்யலைன்னா தம்பி சீனையும் தூக்கிடுவேன்னு டைரக்டர் சொன்னாரும்மா. அவன் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கானே" என்றார்.

அந்தத் தம்பியின் லட்சணத்தைக் கேள். மேக்கப் போடும் பெண் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தபோது உளறிவிட்டாள். யோசனையே உன் அப்பாவுடையதாம். "எங்கண்ணன் ரெண்டு தடவை ஏமாந்தவர், இன்னொரு தடவை ஏமாத்துங்க, நிஜமாவே அழுவார்" என்றாராம். அதற்குப் பரிசாகத்தான் இவருக்குக் கதவைச் சாத்துகிற காட்சியும் ஒரு வசனமும். கேட்டதற்கு, முகம் மழித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவர் வந்தா வீட்டுல எல்லாரும் எழுந்து நிக்கிறோம். ஒரு நாள் அவர் எழுந்து நின்னா என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார். இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்கா சோறு போட்டேன் என்றிருந்தது.

படம் வந்துவிட்டது. ஓய்வு இல்லத்துக்கு எதிர்ச் சுவர் முழுக்கப் பெரியப்பா அழுகிற போஸ்டர். பஸ்ஸில் யாராவது இடம் கொடுத்தால், ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். அவர் நடக்கப் போவதையே நிறுத்திவிட்டார். உன் அப்பாவின் காட்சியை அடியோடு வெட்டிவிட்டார்கள். தியேட்டரில் படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் இவர் எழுந்திருக்கவில்லை, கண் அசந்திருப்பேன், இன்னொரு ஆட்டம் பார்ப்போம் என்றார். நான் தனியாகப் பஸ் ஏறி வந்தேன்.

மறுநாள் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி நல்லா செஞ்சிருக்கானா?" என்றார். நன்றாகச் செய்திருக்கிறார் என்றேன். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று, எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

படம் அங்கேயும் வருமாம். பெரியப்பாவுக்குப் போன் செய்தால், அப்பா நடிப்பு பிரமாதம் என்று சொல். அப்பா போன் செய்து பார்த்தாயா என்று கேட்பார், கேட்காமல் இருக்கமாட்டார். உங்களை எங்கேயும் காணோமே அப்பா என்று சொல். அவர் திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாகவே வைத்திருக்கட்டும். சளி மருந்தை மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா