வகை தெரியாத கோளாறு

என் கண்ணே,

இங்கே நாரின் ஊரில் ஆறு உறைந்துவிட்டது. உன் அப்பா இறந்த நாற்பதாம் நாள் சடங்குக்குச் சொந்தக்காரர்களெல்லாம் வந்து போனார்கள்.

அவருக்கு ஏன் பேஸ்மேக்கர் வைக்கவில்லை என்று மாஸ்கோவிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாய். எங்கள் மருத்துவமனையில் நோய்களுக்குக் குறியெண் போடுபவள் நான்தானே. அவர் கோப்பில் டாக்டர் தாலாய்பெக் ‘இதயத் துடிப்புக் கோளாறு’ என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன கோளாறு என்று கேட்டேன்.

“வகை தெரியாததுன்னு போட்டுடுங்க அக்கா, அப்புறம் பாத்துக்கலாம்.”

போட்டேன். அந்த எண்ணைப் பார்த்து, தலைநகர் பிஷ்கெக்கில் அவரைப் பேஸ்மேக்கருக்குக் காத்திருக்கும் அவசரமில்லாதவர்கள் வரிசையில் சேர்த்தார்கள்.

“நீ போட்ட நம்பர்தானே, தப்பாவா போகும்?” என்று உன் அப்பா சிரித்தார்.

நேற்று அவருடைய இறப்புக் கோப்பும் என் மேசைக்கே வந்தது. டாக்டர் இந்த முறை தெளிவாக எழுதியிருந்தார்: இதய மின்பாதையில் முழு அடைப்பு. அதற்குரிய எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். இந்த எண்ணுக்குத்தான் உடனே பேஸ்மேக்கர் வைப்பார்கள், மகளே.

உன் அம்மா