மாறிப்போன மூன்று வரிசை

செவ்வாய்க்கிழமை, இரவு

மாடியில் நான் ஓவிய வகுப்பு எடுக்கும் அறையின் சுவரில் ஒரு வாரமாக வரிசை வரிசையாக முக்கோணங்கள் வரைந்து வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்று மதியம் தச்சநல்லூர் போய்விட்டு வருவதற்குள், எனக்கு உதவியாக இருக்கட்டுமே என்று இவர் மூன்று வரிசையை அடித்து வைத்திருந்தார். பச்சை வரவேண்டிய இடமெல்லாம் செங்கல் சிவப்பு.

"பச்சைன்னு சுவத்துலயே எழுதி வச்சிருந்தேன்லா? அதுல போய்ச் செவப்ப அடிச்சிருக்கீங்களே!"

பிரஷைக் கீழே வைத்துவிட்டு இரண்டு டப்பாவையும் அருகருகே நகர்த்திப் பார்த்தார்.

"ரெண்டு டப்பாவும் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது, கோமதி. சின்னப்பிள்ளைலருந்தே இப்படித்தான். சொன்னா நீ சிரிப்பியோன்னு இருந்துட்டேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருடம். நிறத்தோடு பிழைக்கிற என்னிடமே இதைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டப்பாக்கள் மேல் பெயர் எழுதிக் கொடுத்தேன். மீதிச் சுவரை இருவருமாக முடித்தோம். மாறிப்போன வரிசைகளை அழிக்கவில்லை. அவற்றுக்கு ஏற்ப மற்றதை மாற்றிக்கொண்டேன். நான் முதலில் வரைந்ததைவிட இதுவே நன்றாக இருக்கிறது. சந்தேகமே இல்லை.

சாப்பிடும்போது கேட்டேன். "அப்போ என் முகூர்த்தப் பட்டு என்ன நிறம்னு உங்களுக்குத் தெரியுமா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது தெரியாது. உனக்கு எடுப்பா இருந்துச்சு."