உனக்கு நான் எழுதிய ஏழு வரி

இன்று காலை ஒரு மாணவி என் மேசையில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். ஆனர்ஸ் இறுதியாண்டில் முதல் வகுப்பில் நிற்கும் பெண். முதுகலைக்கான உதவித்தொகைக்கு என் பரிந்துரை வேண்டுமாம், திங்கட்கிழமைக்குள். உள்ளே அன்று நாம் இருவரும் நிரப்பிய அதே மாதிரிப் படிவம்தான். 'நீங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் எந்த இடத்தில்?' என்று கேட்டு, கீழே நான்கு கட்டங்கள்: முதல் ஒரு விழுக்காடு, ஐந்து, பத்து, இருபத்தைந்து. மூன்று முறை எழுந்து போய்த் தேநீர் கலக்கிவிட்டேன், ஒன்றையும் குடிக்கவில்லை. அவளுக்கு எழுத வேண்டியதை விட்டுவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

நாம் படித்து முடித்த ஆண்டு அந்த உதவித்தொகையில் நம் துறைக்கு ஒரே ஓர் இடம். போட்டியில் நாம் இருவர். ஒரே அறை, ஒரே சோற்றுப் பானை, கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். நம் பேராசிரியருக்கு எதற்கும் நேரம் இருக்காது. யார் பரிந்துரை கேட்டாலும், நீயே எழுதி எடுத்து வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று மலாயில் சொல்லி அனுப்பிவிடுவார். அதை யாரும் தவறாக நினைத்ததில்லை. ஆனால் நம்மை நாமே புகழ்ந்து எழுத இருவருக்கும் கை வரவில்லை. நீதான் வழி சொன்னாய்.

"எனக்கு நீ எழுது, உனக்கு நான் எழுதுறேன்லா. முடிஞ்சுச்சு கதை."

நீ இரண்டு பக்கம் எழுதினாய். ஆய்வகத்தில் கருவி பழுதானபோது நான் அதைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தது, முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, எனக்கே மறந்துபோனதெல்லாம் அதில் இருந்தது. முதல் கட்டத்தில் டிக் போட்டு என் பக்கம் தள்ளினாய். "படிச்சுப் பாரு, எதாச்சும் விட்டுட்டேனா?"

நான் எழுதியது ஏழு வரி. கடின உழைப்பாளி, பணிவானவர், நேரம் தவறாதவர். பொய் ஒன்றுமில்லை. ஆனால் தேர்வுக் குழுவை நிமிர்ந்து பார்க்க வைக்கும் ஒரு சொல்லும் இல்லை. டிக்கை மூன்றாவது கட்டத்தில் போட்டேன். எங்கள் ஊர் தம்போயில் அம்மா பாதி ஊரிடம், "என் மகளுக்குக் கெடைச்ச மாதிரிதான்" என்று சொல்லி வைத்திருந்தார். வெறுங்கையோடு அந்தத் தெருவில் எப்படி நடப்பது என்று பயம். பயம் மட்டுமா? பொறாமையும்தான். நீ என்னைவிடக் கெட்டிக்காரி. அது எனக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது.

"எனக்கு எழுதினது எங்க, காட்டு" என்றாய்.

"சார் கையெழுத்துப் போட்டு, கவர்ல ஒட்டியாச்சுடி."

நீ அதற்குமேல் கேட்கவில்லை.

நேர்காணலுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். இடம் எனக்குக் கிடைத்தது. நீ உன் ஊர் பெக்கான் நானாஸுக்குத் திரும்பி, பிறகு சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாய். விடியுமுன் பாலம் தாண்டும் பேருந்தில் நின்றுகொண்டே குரல் செய்தி அனுப்புவாய். "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் படிக்க வந்துடுவேன் பாரு." ஒவ்வொரு ஆண்டும் அதே இரண்டு வருஷம். அப்புறம் நோய். நீ படித்திருந்தால் நோய் வந்திருக்காது என்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. என் மனம் அதைக் கேட்க மாட்டேன் என்கிறது.

மருத்துவமனைக்கு நான்கு முறை வந்தேன். நான்கு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் காரை எடுத்தேன். வந்ததும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், உன் பையனின் பள்ளியைப் பற்றிக் கேட்டேன், பார்க்கிங் நேரம் முடிகிறது என்று எழுந்தேன்.

நோயைவிட, தொழிற்சாலையைவிட, என்னை உட்கார விடாமல் செய்வது உதவித்தொகை முடிவு வந்த நாள்தான். நீ அழுவாய் என்று நினைத்து அறைக்கு வெளியிலேயே நின்றேன். நீ வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

"சார் பேர்ல போனாலும் எழுதினது நீதானே. நீ நல்லா எழுதினதாலதான் என்னை இன்டர்வியூ வரைக்கும் கூப்பிட்டாங்க. தேங்க்ஸ்டி."

நான் உன் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லைலா" என்றேன்.