அயர்லாந்துப் பட்டர்

அண்ணை,

இன்று காலை கடையில் தயிர் எடுக்கப் போனேன். தயிருக்குப் பக்கத்திலேயே, பொன்னிறத் தாள் சுற்றி, மேலே புல்வெளிப் படம் போட்டு, அயர்லாந்துப் பட்டர் அடுக்கியிருந்தார்கள். மற்றப் பட்டர்களை விட விலை கூட. அந்த நாட்டுக்குத் தன்னைப் பற்றி எப்போதுமே கொஞ்சம் கூடுதலான நினைப்புத்தான். உங்களை நினைத்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரி ஒருத்தி வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.

உங்களுக்கும் எனக்கும் அந்த நாடு முதலில் ஓர் அட்டைப்பெட்டியாகத்தானே அறிமுகமானது. டோர்ட்மண்டில் நாம் வேலை செய்த பெரிய பேக்கரியில், பிறை வடிவப் பணிசுக்கு மா மடிக்கும் பிரிவில் இருவரும் நின்றோம். குளிரறையிலிருந்து பட்டர்க் கட்டிகளைத் தூக்கி வந்து, தாளை உரித்து, தகடாக அழுத்தி மாவுக்கு நடுவே வைக்க வேண்டும். பெட்டிகளில் அயர்லாந்து என்று அச்சடித்திருக்கும். என்னைவிட முன்னமே அகதியாக வந்து, அந்த வேலையில் நிரந்தரமாகிவிட்டவர் நீங்கள். பத்திரிகை வாசிக்கிற பழக்கமும் உங்களுக்குத்தான் இருந்தது. கிழங்கு அழுகிப் பட்டினி கிடந்து, கப்பலேறி ஓடிய சனத்தின் நாடு அது என்று தாளை உரித்தபடியே சொல்வீர்கள். "இப்ப பாரும் தம்பி, ஓடினவன் எல்லாம் திரும்பி வாறான்" என்பீர்கள். அந்த ஒரு வரிதான் உங்களைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். எங்களில் யாரும் திரும்பிப் போகவில்லை.

பட்டினி கிடந்தவனை நான் இகழ மாட்டேன். அதை ஒரு தலைமுறைக்குள் மறந்து, ஒருவனுக்கொருவன் வீடு விற்றே பணக்காரன் ஆகலாம் என்று நம்பியவனைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அந்த நாடு அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். பணம் வந்தது. அதோடு நின்றிருந்தால் மரியாதை. வங்கிகள் கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் கடன் கொடுத்தன. மாடு மேய்ந்த வயலெல்லாம் வீடு எழும்பியது. கடன் ஏற ஏறத் தாங்கள் கெட்டிக்காரர் என்று எண்ணிக்கொண்டார்கள். பத்திரிகைகள் அந்த நாட்டைப் புலி என்று எழுதின. நம்மாட்களுக்குக் கேட்க வேண்டுமா? பேரைக் கேட்டதுமே பாதிப் பேருக்கு உறவு முறை வந்துவிட்டது. எங்களை மேற்பார்க்கிற மைஸ்டரும் தேநீர் இடைவேளையில் பத்திரிகையைத் தட்டித் தட்டி, ஜேர்மனி அவர்களிடம் பாடம் படிக்க வேண்டும் என்பார். அந்த மனிதர் அதற்கு முன்னும் பின்னும் எதையும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

உங்கள் மனைவியின் தம்பி ஒருவர் டப்ளினில் இருந்தாரே, அவரையும் நான் மறக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை பெரியவளானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கு டோர்ட்மண்ட் வந்தவர், மண்டபத்தில் மேசை மேசையாகப் போய்த் தன் கைத்தொலைபேசியில் வீட்டுப் படம் காட்டினார். வாசல், குளியலறை, குளியலறையின் இன்னொரு பக்கம். ஒரு மனிதன் தன் கழிப்பறையை ஒரு மண்டபம் முழுவதற்கும் காட்டியதை அன்றுதான் பார்த்தேன். சனம் வாயைப் பிளந்து பார்த்தது. ஜேர்மன் படித்து என்ன, இங்கிலீசு இல்லாவிட்டால் பிள்ளைகள் கனடாவில் இருக்கிற சொந்தத்தோடு பேசவும் ஏலாது என்று அவர் சொன்னபோது, ஜேர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்த தலைகள் எல்லாம் ஆடின. உங்கள் தலையும் ஆடியது.

உங்கள் நிலானிக்கு அப்போது பதினேழு வயது. ஒரே மகள். ஆய்வுகூடமொன்றில் அவுஸ்பில்டுங் கிடைத்திருந்தது; வேலையோடு சேர்ந்த தொழிற்படிப்பு. அதற்கு அவள் எத்தனை இடம் ஏறி இறங்கினாள் என்பது எங்கள் வீட்டுக்கும் தெரியும். நீங்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. குடும்பத்தோடு டப்ளின் போனால் யூனிவர்சிட்டி, இங்கிலீசு, பெரிய உத்தியோகம் என்றீர்கள். மண்டபம் எடுத்துப் பிரியாவிடையும் வைத்தீர்கள். சாப்பிட ரோல்ஸ், பற்றிஸ், பேச்சாளர்கள் வேறு. சின்ன நாடு எப்படி முன்னேற வேண்டும் என்பதற்கு அயர்லாந்தே சாட்சி என்று ஒருவர் மைக்கைப் பிடித்து முழங்கினார். டோர்ட்மண்டை விட்டு அசையாத மனிதர். இன்றைக்கும் அசையவில்லை.

பிரியாவிடை முடிந்த பிறகுதான் நிலானி வரமாட்டேன் என்றாள். அழவில்லை, கத்தவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, படிப்பு முடியும் வரை இங்கே இருக்கலாமா என்று என் மனைவியிடம் கேட்டாள். என் மனைவி ஓர் அறையையே ஒழித்துக் கொடுத்துவிட்டாள். நீங்கள் வாசலில் நின்று, "நீர் என்ர பிள்ளையைப் பிடிச்சு வச்சிருக்கிறீர்" என்றீர்கள். பிள்ளைக்காகத்தானே போகிறீர்கள், பிள்ளையே வரவில்லை என்றால் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது.

"மண்டபம் எடுத்துச் சாப்பாடும் போட்டாச்சு. இனிப் போகாட்டில் சனம் சிரிக்கும்."

போனீர்கள் அண்ணை. மகளுக்காக என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மகளை விட்டுவிட்டுப் போனீர்கள். நிரந்தர வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டு.

அதன்பிறகு நீங்கள் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. உங்கள் மனைவி, அக்காதான் மகளோடு கதைக்க எடுப்பா. நகரத்துக்கு வெகு வெளியே, புதிதாகக் கட்டிய வீடொன்றை வங்கிக் கடனில் வாங்கியதாகச் சொன்னா. முன்னும் பின்னும் வரிசை வரிசையாக வீடு, அயலட்டைச் சனம் மட்டும் இன்னும் வரவில்லை என்றா. அது வரவே இல்லை. வங்கிகள் குப்புற விழுந்தன. நீங்கள் வேலை பார்த்த களஞ்சியத்தை மூடினார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் திரும்பவும் பெட்டி கட்டிக்கொண்டு வெளிநாடு போகத் தொடங்கினார்கள். கடனை அள்ளிக் கொடுத்த பெரியவர்களில் எத்தனை பேர் வீடு இழந்தார்களோ தெரியாது. உங்கள் வீட்டை வங்கி எடுத்தது. குளியலறை காட்டிய மைத்துனர் அதற்குள் கனடாவுக்கு மாறிவிட்டார். அங்கேயும் யாருக்காவது படம் காட்டியிருப்பார்.

நீங்களும் அக்காவும் இரண்டு பெட்டியோடு டோர்ட்மண்ட் நிலையத்தில் வந்து இறங்கியபோது நானும் நிலானியும் காத்து நின்றோம். அவள் படிப்பை முடித்து, அதே ஆய்வுகூடத்தில் வேலையாகி, தன் பெயரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தாள். பெரிய அறையை உங்களுக்கு ஒதுக்கியிருந்தாள். என் காரில் அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இறங்கும்போதுதான் என் தோளில் கை வைத்தீர்கள்.

"தம்பி, அவளை விட்டிட்டுப் போனன் பாரும், அது ஒண்டுதான் நான் செய்த கெட்டித்தனம்."

உங்கள் மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. மற்றவர்கள் மேல் உள்ளது போகவில்லை, போகவும் விடமாட்டேன்.

பழைய வேலை கேட்டுப் போனீர்கள். மைஸ்டர் உங்களை வைத்துக்கொண்டே, அந்த நாட்டுக்காரர் சோம்பேறிகள், இப்படித்தான் முடியும் என்று தனக்கு அப்போதே தெரியும் என்றார். பிறகு ஆட்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் மூலம், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, அதே குளிரறைக்கு வந்தீர்கள். முதல் நாள் ஒரு பெட்டியை இறக்கி வைத்து, மேலே இருந்த பேரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "அங்கயிருந்து உருப்படியா வந்தது ரெண்டுதான் தம்பி. ஒண்டு இது, மற்றது நான்" என்றீர்கள். அன்று நாம் சிரித்த சிரிப்பில் பட்டர்க் கட்டி ஒன்று கீழே விழுந்து உடைந்தது. மைஸ்டர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று முறைத்தார்.

அடுத்த குளிர்காலம் உங்களுக்கு இல்லை. மகளின் வீட்டில், காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது. செத்தவீட்டுக்கு மண்டபத்து முகங்கள் எல்லாம் வந்தன. மைக் பிடித்த மனிதர் கை கழுவிக்கொண்டே, நீங்கள் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னார். செத்தவீடு என்றபடியால் தப்பினார்.

அந்த நாடு மறுபடி எழுந்துவிட்டதாம் அண்ணை. பத்திரிகைகள் மறுபடி மெச்சுகின்றன. வீட்டு விலையும் ஏறுகிறதாம். போன மாதம் ஒரு கலியாணவீட்டில் இளம் குடும்பம் ஒன்று, பிள்ளைகளின் இங்கிலீசுக்காக டப்ளின் போக யோசிப்பதாகச் சொல்லி என்னிடம் அபிப்பிராயம் கேட்டது. அந்த மனைவியின் பக்கத்தில் அவர்களுடைய மகளும் இருந்தாள். முதலில் இந்தப் பிள்ளையைக் கேளுங்கோ, மண்டபம் எடுக்க முதல் கேளுங்கோ என்றேன். அவர்களுக்கு என் பேச்சுப் பிடிக்கவில்லை.

இன்று தயிரோடு ஓர் அயர்லாந்துப் பட்டரும் வாங்கினேன். பின்னேரம் நிலானி வருவாள், அவளுக்கு அது பிடிக்கும். உங்கள் பகிடியை அவளுக்கு நான் முன்பே சொல்லியிருக்கிறேன். ரெண்டு வந்தது என்றீர்கள். இப்போது பட்டர் மட்டும்தான் வருகிறது, அண்ணை.