யாருக்கு இந்தச் சீஸ்?

என்னங்க,

பிரிட்ஜில் பால் வைக்கக்கூட இடமில்லை. நேற்றும் சீஸ் டப்பா வாங்கி வந்திருக்கிறீர்கள். நம் இரண்டு பேருக்கும் அது ஆகாது. தின்கிற மகளோ உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். நானும் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவள்தான். வாடிக்கையாளரை விரட்டிவிட்டு அவருக்கென்றே சரக்கு அடுக்குகிற முதலாளியை இங்கேதான் பார்க்கிறேன். இன்னொரு டப்பா வந்தால் உங்கள் சட்டைகளுக்கு நடுவேதான் வைப்பேன்.

முட்டையும் தக்காளியும் மட்டும் வாங்குங்கள். கிளம்பும்போது சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். காலையில் மகள் போன் பண்ணினாள். "அப்பா இன்னும் எனக்குன்னு சீஸ் வாங்கி வைக்கிறாராம்மா?" என்று கேட்டாள். "அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாரு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய் என்பதை நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள்.