ஆதாரம் என் கடை

என் வீட்டுக்காரிக்கு,

தகுதித் தேர்வில் தோற்றுவிட்டேன். உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? நான் நலம், தூக்கம்தான் குறைவு.

நடந்தது சிரிப்பான கதைதான். வாய்மொழித் தேர்வில் மூன்று பேராசிரியர்கள். "வாடிக்கையாளர் ஏன் அதே கடைக்கே திரும்ப வர்றார்?" என்றார் ஒருவர்.

"மிஞ்சின பெயிண்ட் டின்னை முகம் சுளிக்காம திருப்பி எடுத்துக்குவோம், அதான்."

"எந்த ஆய்வு இதைச் சொல்லுது?"

"ஆய்வு எதுக்குங்க? இருபத்திரண்டு வருஷமா என் கடை சொல்லுதே."

யாரும் சிரிக்கவில்லை. என்னைவிட இளையவரான என் வழிகாட்டி வெளியே வந்து, "தெரிஞ்சா மட்டும் பத்தாதுண்ணா, யார் எழுதினாங்கன்னு சொல்லணும். ஒரு பேராவது சொல்லியிருக்கலாமே" என்றார். மேலாண்மையில் டாக்டர் பட்டம் என்று கடையை உன் தலையில் கட்டிவிட்டு வந்தவனுக்கு இது தேவைதான்.

உன் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஊருக்கு வர ஒரு வாரமாவது விடுங்கள் என்று அந்தப் பேராசிரியர்களிடம் பேரம் பேசிப் பார்த்தேன். படியவில்லை. உன் தங்கையைத் துணைக்கு வைத்துக்கொள்.

மேசை டிராயரில் இருக்கும் பழைய கண்ணாடியை அனுப்பு, இங்கே புத்தகமெல்லாம் பொடி எழுத்து. மயக்கம் தெளிந்ததும் போனை உன் பக்கத்தில் வைக்கச் சொல். நீ பேச வேண்டியதில்லை.

வகுப்புக்கு மணியாகிவிட்டது. முடிவான நிபந்தனை இதுதான்: ஆறு மாதம் கழித்து இன்னொரு தேர்வு, அதுவரை ஊருக்கு வரக் கூடாது, அதிலும் தோற்றால் முதுகலைச் சான்றிதழோடு வெளியேற வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.